வெறும் பாக்கு தானேன்னு விட்டுடாதீங்க
வாய் கேன்சர் கட்டுரைல புகையிலைய பத்தி நல்லா எழுதிருக்கீங்க, ஆனா பாக்கை விட்டுட்டீங்களே. எங்க சென்னை காசிமேட்டு பக்கம் விடிகாலைல மீன்புடிக்க லாஞ்ச் ஏறுறவங்க நெறைய பேரு கன்னத்துல மாவா (பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு கலந்தது) அடக்கினு தான் போவாங்க, கேட்டா தூக்கம் வராதுன்னுவாங்க, சிலரு நான் போடுறது வெறும் பாக்கு தான்னு கெத்தா வேற சொல்லுவாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004லயே பாக்கு மட்டும் போட்டாலும் கேன்சர் வரும்னு சொல்லிடுச்சு. வாயை முழுசா தொறந்து உங்க மூணு விரலை நெட்டுக்குத்தா வெச்சு பாருங்க, நுழையலன்னா, காரம் பட்டாலே எரிஞ்சா, கன்னத்துக்குள்ள வெள்ளையா திட்டு இருந்தா ஸ்டான்லி ஆஸ்பத்திரில போய் காட்டிடுங்க. சதை எடுத்து டெஸ்ட் பண்ணா பரவிடும்ன்றதெல்லாம் சும்மா பீலா, சீக்கிரம் கண்டுபுடிச்சா வாய் கேன்சர் குணமாவ சான்ஸ் நல்லாவே இருக்கு. 2013லயே குட்காவுக்கு தடைன்னாங்க, பொட்டிக்கடைல பேப்பர்ல மடிச்சி குடுத்துனு தான் இருக்கான்.