மொட்டை மாடிச் சிலம்பம்: அக்கா மகனுக்கு நான் எழுதிய பதில்

போன வாரம் ஓசூரிலிருந்து அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பிவிசி குழாயைக் கம்பாக வைத்துச் சிலம்பம் சுற்றுகிறான். நாற்பது நொடி இருக்கும். குழாய் ஒரு இடத்தில்கூடக் கையை விட்டு நழுவவில்லை. முன்னால் சுற்றி, தலைக்கு மேல் கொண்டுபோய், முதுகுக்குப் பின்னால் கை மாற்றி எடுக்கிறான். கீழே ஒரு வரி: "மாமா, எல்லாம் யூட்யூப் பாத்துக் கத்துக்கிட்டது. வாத்தியார் இல்லாமலே முழுசாக் கத்துக்கலாம்ல?"

உடனே பதில் போட முடியவில்லை. 2020 ஊரடங்கில் மதுரையில் எங்கள் வீட்டு மாடியில் நானும் இதையேதான் செய்தேன். அதனால் இப்படிக் கேட்பவர்களை யாராவது சோம்பேறி என்றோ, குருவை மதிக்காத பிள்ளைகள் என்றோ சொன்னால் எனக்குக் கோபம் வரும். பக்கத்தில் வாத்தியார் இல்லாதவர்கள் கேட்கிறார்கள். வகுப்புக்குக் கட்டப் பணம் இல்லாதவர்கள் கேட்கிறார்கள். சாயங்காலம் தனியாகப் போய்வர வீட்டில் விடாத பெண் பிள்ளைகள் கேட்கிறார்கள். ஆசை இருப்பதால்தானே கேட்கிறார்கள்.

ஆனாலும் என் பதில், முடியாது என்பதுதான். ஏன் என்று சொல்கிறேன்.

ஆறு மாதம் தினமும் ஒரு மணி நேரம் மாடியில் சுற்றியபிறகு, ஊரடங்கு தளர்ந்ததும் ஒரு வாத்தியாரிடம் போனேன். காலை ஆறு மணிக்குப் பள்ளி மைதானத்தின் ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "எங்க, சுத்திக் காட்டுங்க தம்பி" என்றார். காட்டினேன். கடைசிவரை பொறுமையாகப் பார்த்தார். "கை நல்லா வருது. இப்ப நான் மெதுவா ஒரு அடி போடுறேன், தடுங்க."

மெதுவாகத்தான் போட்டார். தலைக்கு வருவதுபோல வந்த கம்பு பாதி வழியில் இறங்கி, என் இடது முட்டியின் வெளிப்பக்கத்தைத் தொட்டு நின்றது. நான் கம்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தேன். இன்னொரு தடவை போட்டார். இந்த முறை விரலில் பட்டது. பிடியில் என் கட்டைவிரல் கம்பின் மேலேயே நீட்டிக்கொண்டிருந்தது. அவருடைய கம்பு என் கம்பின் மேல் வழுக்கி வந்து நேராக அந்த நகத்தில் இறங்கியது. அவ்வளவு மென்மையாகப் பட்டதற்கே நகம் கறுத்து, வளர்ந்து போக மாதக்கணக்கில் ஆனது.

அப்போது அவர் சொன்னதை இன்றுவரை மறக்கவில்லை. "நீங்க உங்க கம்பையே பாக்குறீங்க தம்பி. எதிராளி நெஞ்சைப் பாருங்க. கம்பு எங்க வரப்போகுதுன்னு தோள் முதல்ல சொல்லிரும்."

ஆறு மாதமாக என் கண் எங்கே போகிறது என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை. வீடியோவை நான் பார்த்தேன், வீடியோ என்னைப் பார்க்கவில்லை. வாத்தியார் செய்து காட்டுவதை இன்றைக்கு ஃபோனும் காட்டிவிடும், அதில் சந்தேகமில்லை. நம்மைப் பார்த்து, நமக்குத் தெரியாத நம் தப்பைச் சொல்ல அதனால் முடியாது.

அப்புறம் மூன்று மாதம் எனக்குக் கம்பே கிடையாது. காலடி மட்டும். முன்னால் வைத்து, திரும்பி, பின்வாங்கி, மறுபடி முன்னால். புதிதாக வந்த எட்டு வயதுப் பையன் என்னைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டான். அவன் உடம்பில் எதையும் அழிக்க வேண்டியதில்லை. என் உடம்பிலோ ஆறு மாதப் பழக்கம் உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் வேகம் கூடினால் போதும், பழைய கால் தானாக வந்துவிடும். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்கிறோம். தப்பாகப் பழகினால் அந்தத் தப்பும் கைப்பழக்கம்தான்.

மருமகன் வீடியோவுக்கு வருகிறேன். கை எவ்வளவு அழகோ, கால் அவ்வளவு தப்பு. இரண்டு பாதமும் ஒரே கோட்டில் இருக்கின்றன, பக்கவாட்டில் லேசாகத் தள்ளினாலே விழுந்துவிடுவான். திரும்பும்போது பின்னங்கால் பாதம் தரையிலேயே ஒட்டியிருக்க, முட்டி மட்டும் திரும்புகிறது. இதைத் தினமும் நூறு தடவை செய்தால் பதினாறு வயதிலேயே முட்டி வலி வரலாம். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் பார்த்துப் பழகிய வீடியோக்களை எனக்கும் அனுப்பினான். பாதி ரீல்களில் இடுப்புக்குக் கீழே படமே இல்லை. கம்பு சுழல்வதுதான் பார்க்க அழகு, அதனால் கேமரா அங்கேயே நிற்கிறது. எதிரில் நின்று ஆடுபவரின் வலது கை நமக்கு இடது பக்கம் தெரியும் என்பதையும் பிள்ளை தானாகவே புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தப் பேச்சை எடுத்தாலே "அப்ப ஏகலைவன்?" என்பார்கள். நியாயமான கேள்வி. ஏகலைவன் கற்றது வில். அம்பு இலக்கில் பட்டதா, நாலு விரல் தள்ளிப் போனதா என்பது விட்ட மறு நொடியே தெரிந்துவிடும். தப்பை இலக்கே சொல்லிவிடுகிறது. கென்யாவின் ஜூலியஸ் யேகோவும் அப்படித்தான். யூட்யூப் பார்த்து ஈட்டி எறியக் கற்றவர், 2015-இல் பெய்ஜிங் உலகத் தடகளப் போட்டியில் 92.72 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கினார். அடுத்த ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி. அவரை நினைத்தாலே எனக்கு மெய்சிலிர்க்கும். ஆனால் ஈட்டி எங்கே விழுந்தது என்று நாடா வைத்து அளந்துவிடலாம். அவரும் இடையில் பின்லாந்துக்குப் போய் ஒரு பயிற்சியாளரிடம் பழகினார்.

மாடியில் காற்றை அடிப்பவனுக்கு யார் பதில் சொல்வது? காற்று எல்லா அடியையும் வாங்கிக்கொள்ளும். கம்பின் நுனியில் சாயப்பொடி தடவிவிட்டு விளையாடும் வழக்கம் நம்மிடம் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் யார் உடம்பில் எத்தனை குறி என்று எண்ணுவார்கள். எங்கே காவல் இல்லை என்பதை அந்தப் பொடியே சொல்லிவிடும். அந்தப் பொடியைத் தடவிய கம்பை இன்னொருவர் பிடித்திருக்க வேண்டும்.

ஜப்பானின் பழைய வாள்வீரர் மியமோட்டோ முசாஷியை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. எந்தக் கலையிலும் தனக்கு ஆசிரியர் இருந்ததில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அதே இடத்தில்தான், 13 வயதில் முதல் சண்டை போட்டதையும், 29 வயதுக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட சண்டைகள் போட்டுத் தோற்காமல் இருந்ததையும் சொல்கிறார். குரு இல்லை, சரி. எதிரே வாள் பிடித்து நின்ற அறுபது பேர் இருந்தார்களே. தப்பு செய்தால் உயிர் போகும் என்ற இடத்தில் நின்று அவர் படித்த பாடத்தை, நம் வீட்டுப் பிள்ளை படிக்க வேண்டாம். விரல் நகம் கறுப்பதோடு போகட்டும்.

உடம்பின் உயிர்நிலைப் புள்ளிகளைத் தாக்கும் வர்மத்தைப் பற்றி மட்டும் கடுமையாகவே சொல்கிறேன். "இந்த இடத்தில் தட்டினால் ஆள் சாய்ந்துவிடுவான்" என்று வரும் வீடியோக்களைப் பார்த்து நண்பன் கழுத்தில் பழகிப் பார்க்காதீர்கள். 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்று மொத்தம் 108 கணக்குச் சொல்லும் கலை அது. கன்னியாகுமரிப் பக்கத்து ஆசான்கள், அடிபட்டவரை மீட்டெடுக்கும் அடங்கலும் இளக்குமுறையும் சேர்த்துத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அடித்த இடத்தை இளக்கிச் சரிசெய்யத் தெரியாதவன் அடிக்கப் பழகுவதைவிட ஆபத்து வேறு இல்லை. வளைந்து சுழலும் சுருள்வாளும் அப்படித்தான். ஃபோனில் பார்த்து எடுக்கிற பொருள் இல்லை.

அப்படியென்றால் தனியாக எதுவுமே செய்யக் கூடாதா என்றால், நிறையச் செய்யலாம். மூச்சு, கால் பலம், தண்டால், பஸ்கி, மணிக்கட்டு இளகுவது எல்லாமே தனியாகச் செய்கிற வேலைதான். வாத்தியார் காட்டிய காலடியை வீட்டில் ஆயிரம் தடவை நடப்பதும் தனி வேலைதான், அதை அவர் நமக்காகச் செய்ய முடியாது. தினமும் போக முடியாவிட்டால் மாதம் ஒருமுறை போனால்கூட, போனமுறை திருத்தியதைப் பழகிக்கொண்டு போகலாம். அதுவும் முடியாத ஊரில் இருந்தால் ஒரு துணையையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் மெதுவாக அடிக்க, மற்றவர் தடுக்க வேண்டும். கால் முழுசாகத் தெரியும்படி ஃபோனைத் தள்ளி வைத்து வீடியோ எடுத்து, தெரிந்த ஒருவருக்கு அனுப்புங்கள்.

வாத்தியார் என்று சொல்லிக்கொள்பவர் எல்லாரும் வாத்தியார் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். மூன்று மாதத்தில் சான்றிதழ், மேடையில் ஒரு ஃபோட்டோ, அதற்கொரு கட்டணம் என்று நடத்தும் இடத்தில் ஒரு மாதம் இருந்திருக்கிறேன். முப்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எண்ணிக்கை சொல்வார்கள், யார் காலையும் யாரும் பார்க்க மாட்டார்கள். அதற்கு வீடியோவே மேல். பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் ஓரமாக நின்று கவனியுங்கள். குனிந்து ஒரு பிள்ளையின் குதிகாலைத் தொட்டுத் திருப்பி வைக்கிற ஆள் இருந்தால் அங்கே சேர்த்துவிடுங்கள்.

மருமகனுக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. நேற்று ராத்திரி ஒரு வீடியோ வந்தது. கையில் குழாய் இல்லை. ஃபோனைத் தரையில் செங்கல்லில் சாய்த்து வைத்து, பாதம் இரண்டையும் தள்ளி வைத்துத் திரும்பிக் காட்டுகிறான். பின்னங்கால் இப்போது கூடவே திரும்புகிறது, ஆனால் குதிகால் தூக்கிக்கொள்கிறது. இனி நேரில் பார்த்துத் திருத்த ஒருவர் வேண்டும். ஓசூர் பேருந்து நிலையத்திலிருந்து அரை மணி நேரத் தூரத்துக்குள், காலையில் சொல்லிக் கொடுக்கும் நல்ல சிலம்ப வாத்தியார் யாரையாவது தெரிந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன், நானே அவனைக் கூட்டிக்கொண்டு போய் விடுகிறேன்.