கேட்டுக் கட்டுபவருக்குப் பதில் சொல்ல வேண்டும்

கும்பகோணத்தில் அரசலாற்றுக்குச் சற்றுத் தள்ளி, பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் நாங்கள் வசிக்கிறோம். பக்கவாதத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருக்கும் என் தாயாருக்காக, வீட்டின் பின்புறம் கழிப்பறையுடன் 150 சதுர அடியில் ஓர் அறை சேர்த்துக் கட்ட விரும்பிக் குடியிருப்போர் சங்கத்துக்கு எழுத்துமூலம் விண்ணப்பித்தேன். முதல் பதில் வருவதற்கு ஏழு மாதங்கள் ஆயின. அந்த ஏழு மாதங்களில் நான் கற்றுக்கொண்டதையும், இதில் என் உறுதியான கருத்தையும் இங்கே எழுதுகிறேன்.

பின்புறத்து நிலம் என் சமையலறைக் கதவைத் திறந்தவுடன் இருக்கிறது. அங்கே துளசி வைத்ததும், தினமும் பெருக்குவதும் எங்கள் வீட்டார்தான். ஆயினும் அது எங்களுடையது அன்று. கிரையப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் 'பிரிபடாத பாகம்' என்று எழுதியிருப்பதன் பொருளை அப்போதுதான் நான் நிதானமாக யோசித்தேன். 6,000 சதுர அடி மனையில் எனக்கு 500 சதுர அடி உண்டு. ஆனால் அது எந்த 500 என்று என்னால் கோடு கிழித்துக் காட்ட முடியாது. எனவே, நிலத்தின் கூட்டு உரிமையாளர்கள் என்ற முறையில் மற்றப் பதினொரு வீட்டாரும் கையெழுத்திட வேண்டும் என்றும், நிர்வாகக் குழு 'கட்டிக்கொள்ளுங்கள்' என்று வாய்மொழியாகச் சொல்வது எந்த அலுவலகத்திலும் செல்லாது என்றும் வழக்கறிஞர் தெளிவாகக் கூறினார்.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்றை மூன்றாம் தளத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் எனக்கு விளக்கினார். உயரமல்லாத கட்டடங்களுக்கு 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் பொதுவாக அனுமதிக்கும் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது, எல்லாத் தளங்களையும் சேர்த்து மனைப் பரப்பைப் போல் இரண்டு மடங்கு, எங்கள் மனையில் 12,000 சதுர அடி வரை கட்டலாம். வீட்டுக்கு 950 வீதம் 11,400 சதுர அடி ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. மீதி 600, வீட்டுக்கு 50. நான் கேட்ட 150 சதுர அடி, என் பங்குடன் இன்னும் இரண்டு வீட்டாரின் பங்கையும் சேர்த்து விழுங்கிவிடும். தலைமடைக்காரர் மடையை அகலத் திறந்தால் கடைமடை காயும் என்பதை அறிந்த விவசாயக் குடும்பத்தில் பிறந்த எனக்கு, இந்தக் கணக்கு முன்பே தோன்றாமல் போனது வருத்தமாக இருந்தது.

அவர் சொன்ன இரண்டாவது காரணமும் சரியானதே. நான் குறித்த இடத்தை ஒட்டித்தான் கழிவுநீர்த் தொட்டி இருக்கிறது. எங்கள் பகுதி களிமண் பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கும்போது தொட்டி நிரம்பிவிடும், லாரியின் குழாய் அந்த வழியாகத்தான் வர வேண்டும். மழைநீர் சேகரிப்புக் குழியும் அங்கேதான். மேலும், ஈரத்தில் உப்பிக் கோடையில் வெடிக்கும் இந்த மண்ணில், பல ஆண்டுகளாக அமர்ந்துவிட்ட பழைய அடித்தளத்தோடு புதிய சுவரைப் பிணைத்தால் இரண்டும் ஒரே அளவில் இறங்காது, சேரும் இடத்தில் விரிசல் விழும் என்று கட்டடப் பொறியாளரும் சொன்னார். ஆகவே அறையைத் தென்மேற்கு மூலைக்கு மாற்றி, 90 சதுர அடியாகக் குறைத்து, தனி அடித்தளத்துடன் இடைவெளி விட்டுக் கட்டும்படி வரைபடத்தைத் திருத்தினேன். மனையின் எல்லைக்கும் கட்டடத்துக்கும் இடையே விதிப்படி விட்டே ஆக வேண்டிய காலி இடத்தில் (செட்பேக்), பன்னிரண்டு பேரும் கையெழுத்திட்டாலும் கட்ட முடியாது என்பதால், அந்த அளவுக்கு மேல் மிஞ்சிய இடத்தில் மட்டுமே இப்போது அறை வருகிறது.

இந்த விளக்கங்களை முதல் மாதத்திலேயே சொல்லியிருந்தால் ஆறு மாதங்கள் மிச்சமாகியிருக்கும் என்பதுதான் என் ஆதங்கம். என் கடிதம் கோப்பில் கிடந்த அதே காலத்தில், இரண்டு வீட்டார் பால்கனியைச் சுவர் வைத்து அடைத்து அறையாக்கிக்கொண்டார்கள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுச் செய்ய நினைப்பவர் காத்திருக்க, கேட்காமல் செய்தவர் குடியேறிவிடுகிறார் என்றால், அடுத்து வருபவர் எதைக் கற்றுக்கொள்வார்?

நண்பர்கள் சிலர் அன்போடு தந்த இரண்டு தவறான ஆலோசனைகளையும் குறிப்பிட வேண்டும். 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கும் என்றார்கள். அது 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கானது. எங்கள் குடியிருப்பு அந்த வரம்புக்குள் வராது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதித்தால் போதும் என்றும் சிலர் சொன்னார்கள். 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தில் அந்த அளவு, கட்டடத்தை இடித்து மறுபடி கட்டுவதற்காகச் சொல்லப்பட்டது. ஒருவர் தமக்கென ஓர் அறை கட்டிக்கொள்வது வேறு விஷயம்.

சங்கங்கள் தங்கள் துணைவிதியிலேயே இதற்கு ஒரு முறையை எழுதி வைக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துகிறேன். விண்ணப்பம் வந்த 45 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். பொறியாளரின் ஆய்வுச் செலவை விண்ணப்பித்தவர் ஏற்க வேண்டும். கூடுதல் பரப்புக்கு ஏற்பப் பராமரிப்புத் தொகையும் கூட வேண்டும். பிறருடைய 40 சதுர அடியை எடுத்துக்கொள்ளும் நான், அதற்கு ஈடான தொகையைச் சங்கத்தின் பொதுநிதிக்குச் செலுத்த எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடைத்த பால்கனிகளுக்கும் இதே விதி பொருந்த வேண்டும்.

இதுவரை ஒன்பது வீட்டார் கையெழுத்திட்டுள்ளனர். முதல் கையெழுத்து அந்தக் கணித ஆசிரியருடையது. ஒருவர் மஸ்கட்டில் இருக்கிறார், அவருடைய சான்றளிக்கப்பட்ட கடிதத்துக்காகக் காத்திருக்கிறேன். இன்னொருவர் திருத்திய வரைபடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். தை மாதப் பொதுக்குழுவில் மேற்சொன்ன துணைவிதியைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறேன். அதன் வரைவு வேண்டுவோர் கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.