அணிலை விரட்ட அந்துருண்டையாம்!

நாளைக்குப் பறிக்கலாம் என்று செடியிலேயே விட்டுவைத்த தக்காளி, காலையில் போய்ப் பார்த்தால் கடிபட்டுக் கிடக்கிறது. முழுசாகத் தின்றிருந்தாலாவது மனசு ஆறும். இதில் ஒரு கடி, அதில் ஒரு கடி. போதாக்குறைக்குத் தொட்டியில் நட்ட நாற்றையும் தோண்டி வேரோடு வெளியே தள்ளியிருக்கிறது. வயிறு எரிகிறது.

ஆனால் அணிலை விரட்டித் தருகிறேன் என்று காசு பிடுங்குகிறவர்களைப் பார்த்தால்தான் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்துருண்டை போடச் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது நாப்தலீன். மூடிய பெட்டிக்குள் துணிப்பூச்சிக்காக வைக்கிற விஷம். தோட்டமெல்லாம் தூவி, ஒரு குழந்தை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொண்டால்? ரத்தச் சிவப்பணுக்களையே உடைக்கக்கூடியது அது. யாராவது இதைச் சொல்லி விற்கிறார்களா?

அடுத்து, காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவி. இப்படிப்பட்ட கருவிகளை விற்ற அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களை, ஆதாரமில்லாமல் பலன் சொல்லாதீர்கள் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2001-இலேயே எச்சரித்தது. இன்றும் கூசாமல் விற்கிறார்கள். மிளகாய்த்தூளாவது பரவாயில்லை, அணிலுக்கு உறைக்கும், பறவைக்கு உறைக்காது. ஆனால் ஒரு மழை பெய்தால் போச்சு.

பசை அட்டையைப் பற்றிப் பேசவே கை நடுங்குகிறது. ஒட்டிக்கொண்ட அணில் தோல் பிய்ந்து துடித்துத் துடித்துச் சாகும். அதை விற்கிறவனுக்கு மனசாட்சியே கிடையாதா?

அணிலின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். கொறிக்காமல் அதனால் இருக்க முடியாது. பிளாஸ்டிக் வலையைக் கத்தரித்துவிடும், ஒயரைக் கடித்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகித் தீயே பிடிக்கும். அந்தப் பல்லுக்கு ஈடுகொடுத்து நிற்பது அரை அங்குலக் கண்ணுள்ள இரும்புக் கம்பி வலை. செடியைச் சுற்றி அதைக் கட்டுங்கள், கூரையைத் தொடும் கிளைகளை வெட்டுங்கள், அணில் வீட்டுக்குள் நுழையும் ஓட்டைகளை அதே வலையால் அடையுங்கள். ஒரு தடவைச் செலவு. அதனால்தானோ என்னவோ, எந்த வியாபாரியும் வாய் திறப்பதில்லை.

சரி, ஓட்டையை அடைக்கவென்று ஆள் வைத்தால் அவர்களாவது உள்ளே குட்டி இருக்கிறதா என்று பார்க்கிறார்களா? அதுவும் இல்லை. படபடவென்று அடித்து மூடிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். உள்ளே குட்டிகள் பட்டினியில் சாகின்றன. வெளியே தாய் அணில் மரச்சட்டத்தைக் கொறித்துப் புதிதாக ஓட்டை போடுகிறது. அதை அடைக்க மறுபடியும் அதே ஆள், மறுபடியும் கூலி!