நாலு வரி விதியைச் சொல்ல நாதி இல்லை

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து எனக்கு ரத்தக்கொதிப்புதான். அம்பாசமுத்திரம் பக்கம் சின்னதாக ஒரு ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்திருக்கிறேன். "அண்ணாச்சி, பிள்ளைய நர்சுக்குப் படிக்க வைக்கணும், அப்ளிகேஷன் போட்டுத் தாங்க" என்று தாயும் மகளுமாக வந்து நிற்பார்கள். மார்க் ஷீட்டை வாங்கிப் பார்ப்பேன். தமிழ், ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், கணக்கு, கணினி அறிவியல். மார்க் எல்லாம் பிரமாதம். உயிரியல் மட்டும் இல்லை.

உயிரியல் இல்லாமல் பி.எஸ்சி நர்சிங் சேர முடியாது. இதை நான் சொன்னதும் அந்தப் பிள்ளை அம்மாவைப் பார்க்கும், அம்மா என்னைப் பார்ப்பார்கள், ஏதோ நான்தான் சட்டம் போட்ட மாதிரி. பீடி சுற்றிப் படிக்க வைத்த தாய் அது. "அப்ப அந்த டீச்சரு ஏன்ணே கம்ப்யூட்டர் குரூப் எடுக்கச் சொன்னாங்க?" என்று கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?

விதி என்ன பெரிய ராணுவ ரகசியமா? இந்திய நர்சிங் கவுன்சில் எழுதி வைத்திருப்பது நாலே வரி. சேருகிற வருஷம் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனியாகப் படித்திருந்தாலும் சரி. அந்தப் பாடங்களில் 45 சதவீதம், எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 40. ஆங்கிலத்தில் பாஸ். உடல் தகுதிச் சான்றிதழ் ஒன்று. அவ்வளவுதான். விதியில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை, ஊசி போடப் போகிற பிள்ளைக்கு உடம்பைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டாமா? ஆனால் இந்த நாலு வரியைப் பத்தாம் வகுப்பு முடித்துப் பிளஸ் ஒன் சேர வருகிற பிள்ளையிடம் யார் சொல்கிறார்கள்? அன்றைக்கு அந்த ஆபீஸ் அறையில் குரூப் பெயரை டிக் அடிக்கிற அரை நிமிஷத்திலேயே நர்ஸ் ஆவாளா இல்லையா என்பது முடிந்துபோகிறது. "பயாலஜில சீட் ஃபுல், கம்ப்யூட்டர்ல போடுறேன், அதுவும் சயின்ஸ்தான்" என்று ஒரு வார்த்தை. அதுவும் சயின்ஸ்தானாம்!

இன்னொரு கூத்து சதவீதம். ஒரு பிள்ளை 600-க்கு 420. எழுபது சதவீதம் என்று தெருவெல்லாம் கேசரி கொடுத்தாகிவிட்டது. பிரித்துப் பார்த்தால் தமிழும் ஆங்கிலமும் கணக்கும்தான் தூக்கி நிறுத்தியிருக்கின்றன. இயற்பியல் 38, வேதியியல் 41, உயிரியல் 52. மூன்றும் சேர்த்து 131. வேண்டியது 300-க்கு 135. நாலு மார்க்கில் போச்சு. 35 எடுத்தால் பாஸ் என்று சொல்லிக்கொடுத்தவர்கள், 45 எடுத்தால்தான் நர்சிங்குக்கு விண்ணப்பிக்கவே முடியும் என்று சொல்லவில்லை. இதிலும் 45 என்பது வாசல்படி மட்டும். அரசு இடம் வேண்டுமென்றால் தரவரிசைப் பட்டியலில் மேலே நிற்க வேண்டும், அது வேறு கதை.

சரி, எல்லாம் இருக்கிற பிள்ளைக்காவது நிம்மதி உண்டா? காகிதம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வீட்டில் யாரும் டிகிரி வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ். இ-சேவையில் 60 ரூபாய் கட்டிப் பதிவு செய்துவிட்டு விஏஓவைப் பார்க்கப் போனால் "ஜமாபந்தி நடக்கு, முடியட்டும்" என்பார்கள். தாலுகாவில் வருஷா வருஷம் கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கிற வேலைதான் ஜமாபந்தி. ஒவ்வொரு வருஷமும் மே, ஜூனில்தான் ஜமாபந்தி, அதே மாதத்தில்தான் அட்மிஷன். இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று தெரியாத ஆள் தாலுகா ஆபீசில் யாராவது இருக்கிறார்களா?

தென்காசி பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் தனிப் பாடு. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. அதற்கு முன் வாங்கிய சாதிச் சான்றிதழில் திருநெல்வேலி மாவட்டம், ஆதாரில் தென்காசி மாவட்டம். இதைப் பார்த்துவிட்டு ஒரு கல்லூரி ஆபீசில் "புதுசா வாங்கிட்டு வா" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கடையம் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த பிள்ளை அது. மாவட்டம் பிரிந்தால் சாதியும் பிரிந்துவிடுமா ஐயா? அப்புறம் பெயர். எங்கள் பக்கம் இசக்கி என்று பெயர் வைக்காத தெரு உண்டா? ஆங்கிலத்தில் எழுதும்போது பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அது 'E'யில் தொடங்கும், ஆதாரில் 'I'யில் தொடங்கும். அதைத் திருத்த இன்னொரு அலைச்சல்.

இந்தக் குழப்பத்தில்தான் புரோக்கர் நுழைகிறான். போன சீசனில் ஒருத்தன் என் கடைக்கே நோட்டீஸ் அடிக்க வந்தான். 'எந்த குரூப் படித்திருந்தாலும் பி.எஸ்சி நர்சிங், மார்க் தடை இல்லை, பெங்களூரில் உடனடி அட்மிஷன், ஹாஸ்டல் இலவசம்.' எப்படிய்யா எந்த குரூப்பும் என்று கேட்டேன். "நீங்க அடிச்சுக் குடுங்க அண்ணாச்சி, மத்தத நாங்க பாத்துக்கிடுவோம்" என்றான். அடிக்கவில்லை, பக்கத்துக் கடையில் அடித்துக்கொண்டு போனான். அவன் பேச்சை நம்பி டிசியையும் மார்க் ஷீட்டையும் ஒரிஜினலாகக் கொடுத்துவிட்டு, படிப்பு சரியில்லை என்று திரும்பி வரவும் முடியாமல், மீதிப் பணத்தைக் கட்டினால்தான் சான்றிதழ் என்ற பதிலோடு அல்லாடுகிற குடும்பங்களை எனக்கே தெரியும்.

இன்னொன்றையும் இந்தப் புரோக்கர்கள் வாயே திறக்க மாட்டார்கள். பாளையங்கோட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிற தனியார் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு. சிறுபான்மைக் கல்லூரி என்றால் 50 சதவீதம், மற்றவற்றில் 65. சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கிற தேர்வுக் குழு கவுன்சலிங் வைத்து அந்த இடங்களை நிரப்புகிறது. விண்ணப்பம் ஆன்லைன்தான், நீட் வேண்டாம். நீட் எழுதவில்லையே என்று பயந்து விண்ணப்பிக்காமலே விட்ட பிள்ளைகள் எத்தனை! நீட் மார்க் கேட்பது மிலிட்டரி நர்சிங் மாதிரி இடங்களில்.

அரசுக் கல்லூரி பற்றிக் கேட்கிறீர்களா? பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965-லிருந்து இருக்கிறது. 2023-ல் மத்திய அரசு 157 நர்சிங் கல்லூரி அறிவித்தது. யாருக்கு? 2014-க்குப் பிறகு தொடங்கிய மருத்துவக் கல்லூரிகளுக்கு. விருதுநகருக்கு உண்டு, ராமநாதபுரத்துக்கு உண்டு. அவர்களுக்குக் கிடைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் முந்திப் பிறந்த பாவத்துக்கு எங்கள் ஊருக்கு இல்லையாம்!

குரூப் மாறிப்போன பிள்ளைகளுக்கு நான் சொல்வது டிப்ளமோ நர்சிங்கைப் பாருங்கள் என்பதுதான். மூன்று வருஷம். அதற்குக் கவுன்சில் உயிரியலைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் சேரப் போகிற இடத்தில் என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டே பணம் கட்ட வேண்டும். முடித்து மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தபின் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி இரண்டு வருஷம். நாலில் முடிய வேண்டியது ஐந்தாகிறது. அந்த ஒரு வருஷத்துச் செலவை "அதுவும் சயின்ஸ்தான்" என்று சொன்னவரா கட்டப் போகிறார்?

தலைமை ஆசிரியர்களே, பிளஸ் ஒன் சேர்க்கை நடக்கிற அறைக்கு வெளியே ஒரு சார்ட் பேப்பர் ஒட்டுங்கள். எந்த குரூப் எடுத்தால் எந்தப் படிப்பு உண்டு, எது இல்லை என்று தமிழில், பெரிய எழுத்தில். சார்ட் வாங்கக் காசு இல்லை என்றால் என் கடைக்கு ஆள் அனுப்புங்கள், சும்மாவே பிரிண்ட் போட்டுத் தருகிறேன்.