ஷேட் கார்டை நம்பிக் கெட்ட ஹால்

வீடு முழுக்க பெயின்ட் அடிக்கிறோம். 3 வாரமாகியும் ஹாலுக்கே என்ன கலர் என்று முடிவாகவில்லை. பெயின்ட் கடையில் நிறம் பார்க்கக் காட்டும் அந்த ஷேட் கார்டைப் பார்த்தாலே எரிச்சலாக வருகிறது. தீப்பெட்டி அளவு கட்டத்தைக் காட்டி 10 அடி சுவருக்கு முடிவெடு என்றால் எப்படி? கார்டில் இளம் சந்தனம். சுவரில் ஏறியதும் மாம்பழ மஞ்சள். நாலு சுவரிலும் அடித்தால் நிறம் ஒன்றில் பட்டு ஒன்றில் எதிரொளித்து இன்னும் அடர்த்தியாகத் தெரியும் என்று கடையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ராத்திரி டியூப்லைட்டில் அதுவே வேறு நிறம்.

அப்புறம் இந்த ஃபினிஷ். ஈரத்துணியால் துடைக்கலாம் என்று பளபளப்பானதை எடுத்தோம். சாயங்காலம் ஜன்னல் வெயில் சாய்வாக விழுந்ததும் வயிறு எரிந்தது. பெயின்டுக்கு முன் சுவரைச் சமப்படுத்தப் பட்டி பூசியபோது தகடு இழுத்த கோடு, உப்புத்தாள் சரியாகப் போடாத மேடு, எல்லாம் வரிவரியாகத் தெரிகிறது. பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் என்றால் மறைந்திருக்கும். ஆனால் அதில் பிள்ளைகளின் எண்ணெய்க் கை பட்டால் கறை லேசில் போகாது, அழுத்தித் துடைத்தால் அந்த இடம் மட்டும் மினுங்கும்.

மெஷினில் கலந்த பெயின்டைக் கடையில் திருப்பி வாங்கவும் மாட்டார்களாம். 20 லிட்டர் வாளி மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. பணம் வாங்குகிறீர்களே, 2 அடி அட்டையிலாவது அடித்துக் காட்டிவிட்டுக் கலக்கக் கூடாதா?