கடலுக்குப் போகாத விலாங்கு

மிக நீண்ட காலம் வாழ்ந்த உயிரினங்களைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் பிராண்டெவிக் விலாங்கைக் குறிப்பிட்டுவிடுகிறார். சென்ற வாரம் ஒரு நண்பரின் பதிவில் "155 வயது வரை நிம்மதியாக வாழ்ந்த மீன்" என்ற வரியைப் படித்தேன். அதில் '155' என்ற எண்ணும் 'நிம்மதியாக' என்ற சொல்லும் என்னை உறுத்தியதால் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்வீடனின் தென்கோடி மாகாணமான ஸ்கோனேயில், பால்டிக் கடலோரத்தில் இருக்கும் சிறிய மீனவ ஊர் பிராண்டெவிக். 1859ஆம் ஆண்டில் சாமுவேல் நீல்சன் என்ற எட்டு வயதுச் சிறுவன் ஒரு விலாங்கை அங்கிருந்த வீட்டுக் கிணற்றில் விட்டான் என்பதும், அதே விலாங்கு 2014 ஆகஸ்ட்டில்தான் செத்துக் கிடந்தது என்பதும் ஊரார் சொல்லிவரும் வரலாறு. வீடு கைமாறியபோது கிணற்றோடு விலாங்கும் கைமாறியது. விருந்தினர் வந்தால் கிணற்று மூடியை விலக்கிக் காட்டுவார்கள். தொலைக்காட்சியும் செய்தித்தாள்களும் தேடி வந்தன. அதன் சாவுச் செய்தி உலகம் முழுவதும் போயிற்று.

கிணற்றில் விலாங்கை விடுவது அந்தச் சிறுவனின் குறும்பு என்று நினைக்க வேண்டாம். குழாய்த் தண்ணீர் வராத காலத்தில் ஸ்வீடனில் பலரும் செய்த காரியம் அது. புழு பூச்சிகளைத் தின்று விலாங்கு தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் என்பது கணக்கு. நமக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. கொசுப்புழுவைத் தின்பதற்காகச் சுகாதாரப் பணியாளர்கள் கம்பூசியா மீன்குஞ்சுகளைக் கிணறுகளில் விட்டுச் செல்வதை நாம் பார்த்திருக்கிறோம். அதற்கும் முன்பே எங்கள் ஆச்சி வீட்டுக் கிணற்றில் நான்கைந்து விரால்கள் இருந்தன. கோடையில் தூர் வாரும்போது, சேறு அப்பிய உடம்போடு கிணற்றுக்குள் நிற்பவர் அவற்றை ஒவ்வொன்றாக வாளியில் போட்டு மேலே அனுப்புவார். மேலே அண்டாவில் ஈரச் சாக்கு மூடிக் கிடக்கும் மீன்களைப் புது ஊற்று ஊறியதும் மறுபடி உள்ளே விடுவார்கள். அவற்றில் ஒன்றை "உங்க அம்மா கல்யாணத்துக்கு முந்தி விட்டதுடா" என்று ஆச்சி சொல்வார். நான் நம்பினேன். இடையில் எத்தனை விரால்கள் செத்தன, எத்தனை புதிதாக வந்தன என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

பிராண்டெவிக் விலாங்கின் வயதிலும் இதே சிக்கல்தான் இருக்கிறது. 1859இல் விட்டதும் 2014இல் செத்ததும் ஒன்றேதான் என்பதற்கு நம் கையில் இருப்பது தலைமுறை தலைமுறையாக வந்த வாய்மொழி மட்டுமே. போதாக்குறைக்கு, அதே கிணற்றில் இன்னொரு விலாங்கும் வாழ்ந்தது. அதற்கும் நூறு வயதுக்கு மேல் என்றார்கள். இருட்டுக் கிணற்றில் இரண்டு விலாங்குகள் இருக்கும்போது எது பழையது, எது பிந்தியது என்பதை ஒன்றரை நூற்றாண்டு முழுவதும் யார் பிரித்தறிந்துகொண்டே வந்திருக்க முடியும்? விலாங்கு பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் என்பார்கள். இதன் வயதும் அப்படித்தான் நம்புகிறவருக்கு ஒன்றையும் சந்தேகப்படுகிறவருக்கு வேறொன்றையும் காட்டி நழுவுகிறது.

மீனின் வயதை அறிய வழிகள் இருக்கின்றன. அதன் காதுக்குள் இருக்கும் செவிக்கல்லில், மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல வளையங்கள் படிகின்றன. அவற்றை நுண்ணோக்கியில் எண்ணலாம். செதில்களிலும் வளையங்கள் உண்டு. ஆனால் செதில் அவ்வளவு நம்பகமான சாட்சி அன்று. ஜப்பானின் கிஃபு மாகாணத்தில் வளர்ந்து 1977 ஜூலையில் இறந்த 'ஹனாகோ' என்ற கெண்டைக்கு 226 வயது என்று கணக்கிட்டது செதிலைப் பார்த்துத்தான் என்பதால் அதைப் பலர் இன்றும் ஏற்பதில்லை. பிராண்டெவிக் கதையை முற்றாகப் புறந்தள்ளவும் என்னால் முடியவில்லை. அதே ஸ்கோனே மாகாணத்தின் ஹெல்சிங்போரி நகரில், 1860களில் பிடிபட்ட 'புட்டே' என்ற விலாங்கு தொட்டியிலேயே 80 வயதைத் தாண்டி வாழ்ந்து 1948இல் இறந்ததாகப் பதிவு உண்டு. ஆகவே நூறு என்றால் நான் தலையாட்டுவேன். 155 என்றால் அந்த ஊர்க்காரர்களோடு சண்டை போட மாட்டேன். ஆனால் நிரூபிக்கப்பட்ட எண் என்று எழுதவும் மாட்டேன்.

என் உண்மையான மனத்தாங்கல் 'நிம்மதியாக' என்ற சொல்லின் மீதுதான். அது ஏன் என்று புரிய விலாங்கின் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும். ஐரோப்பிய விலாங்குகள் பிறப்பது அட்லாண்டிக்கின் மறுபக்கத்தில், வட அமெரிக்காவுக்குக் கிழக்கே உள்ள சர்காசோ கடலில். இலை போன்று தட்டையாக, ஒளி ஊடுருவும் உடம்போடு இருக்கும் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து ஐரோப்பியக் கரையை அடைகின்றன. அங்கே கண்ணாடிபோன்ற சிறு விலாங்குகளாக உருமாறி, ஆறுகளுக்குள் ஏறி, மஞ்சள் நிறம் பெற்று, பல ஆண்டுகள் நன்னீரில் வளர்கின்றன. பிறகு ஒருநாள், எதனால் என்று நமக்கு முழுதாக விளங்காத ஒரு கணத்தில், அவற்றின் உடம்பு மாறத் தொடங்குகிறது. முதுகு கறுக்கிறது, வயிறு வெள்ளியாகிறது, கண்கள் பெரிதாகின்றன, குடல் சுருங்குகிறது. அதன் பிறகு தீனி கிடையாது. உடம்பில் சேர்த்த கொழுப்பை மட்டும் கட்டுச்சோறாகக் கொண்டு 5,000 கிலோமீட்டருக்கும் மேல் நீந்திப் பிறந்த கடலுக்கே போய், முட்டையிட்டுச் சாகின்றன.

சிறுவன் சாமுவேல் இதையெல்லாம் அறிந்திருக்க வழியில்லை. 1859இல் உலகில் எவருக்குமே தெரியாது. அதற்குப் பதினேழு ஆண்டுகள் கழித்துக்கூட, பின்னாளில் மனநல உலகையே புரட்டிப்போட்ட சிக்மண்ட் ஃபிராய்டு, மாணவராக இருந்தபோது, டிரியெஸ்ட் நகரில் உட்கார்ந்து ஆண் விலாங்கின் விதைப்பையைத் தேடி சுமார் 400 விலாங்குகளை அறுத்துக்கொண்டிருந்தார். டென்மார்க்கின் யோகானஸ் ஷ்மிட் 1904இல் தேடத் தொடங்கி, மேலும் மேலும் சிறிய குஞ்சுகள் எங்கே கிடைக்கின்றன என்று கடல் கடலாக வலைவீசி, 1920களின் தொடக்கத்தில்தான் சர்காசோ என்ற முடிவுக்கு வந்தார். இன்றுவரை அங்கே முட்டையிடும் ஐரோப்பிய விலாங்கைக் கண்ணால் கண்டவர் எவரும் இல்லை.

ஆக, கிணற்று விலாங்கின் நீண்ட ஆயுளுக்குக் காரணம், அதன் வாழ்வு முடிய வேண்டிய இடத்துக்கு அதனால் போக முடியாமல் போனதுதான். பயணம் தொடங்காதவரை விலாங்கால் காத்திருக்க முடியும். குளிர்ந்த ஊற்றுநீரில் உடம்பின் ஓட்டமே மந்தமாகிவிடுவதால் கொஞ்சம் புழு பூச்சியே போதும். பிராண்டெவிக் விலாங்குக்குக் கண்கள் வழக்கத்துக்கு மாறாகப் பெரியவை என்றும், இருட்டிலேயே கிடந்ததால் அப்படி ஆயிற்று என்றும் சொன்னார்கள். அப்படியே இருக்கலாம். ஆனால் கடலுக்குப் புறப்படும் பருவத்திலும் விலாங்கின் கண்கள் பெரிதாகும் என்று தெரிந்த பிறகு, அந்தக் கண்களை என்னால் வேறுமாதிரிதான் நினைக்க முடிகிறது. இது என் ஊகம்தான். அறிவியல் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிராண்டெவிக்குக்குச் சற்று வடக்கே தொடங்கும் கரைக்கே 'விலாங்குக் கரை' என்றுதான் பெயர். பால்டிக்கிலிருந்து வெளியேறும் வெள்ளி விலாங்குகள் ஆகஸ்ட்டுக்குப் பிறகு, நிலவில்லாத இரவுகளில் அக்கரையை ஒட்டித் தெற்கே நீந்தும். அந்த இரவுகளை ஊரார் 'விலாங்கு இருட்டு' என்கிறார்கள். வலைகளில் சிக்குபவற்றைப் புகைபோட்டும் வறுத்தும் வேகவைத்தும் பல வகையாகச் சமைத்து விருந்துண்பது அங்கே பழைய வழக்கம். ஒவ்வோர் ஆண்டும் தன் இனம் கூட்டம் கூட்டமாகக் கடந்துபோன கடலுக்குப் பக்கத்தில், கல் மூடிய கிணற்றுக்குள் இந்த ஒன்று வட்டமடித்துக்கொண்டிருந்தது.

"கடலுக்குப் போயிருந்தால் வழியிலேயே செத்திருக்கும், கிணற்றில் இருந்ததால்தானே வாழ்ந்தது" என்று நண்பர் பதில் எழுதினார். மறுப்பதற்கில்லை. அணைகளும் நீர்மின் நிலையங்களும் மீன்பிடிப்பும் சேர்ந்து இவ்வினத்தை அழிவின் விளிம்புக்குத் தள்ளியிருக்கின்றன. 2008 முதல் மிக அருகிவரும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. வடகடல் கரைக்கு வரும் கண்ணாடி விலாங்குகள் 1960, 70களில் வந்ததில் நூற்றில் ஓரிரு பங்குதான். ஆயினும், ஒரு முட்டையும் இடாமல் தனித்துக் கிடந்ததை வெற்றியாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. சாமுவேலைக் குறை சொல்லவும் வரவில்லை. எங்கள் ஆச்சியும் அதைத்தான் செய்தார், ஆனால் விரால்களுக்குக் கிணற்றைத் தாண்டிப் போக வேண்டிய கடல் எதுவும் இல்லை.

இப்போது அதே ஸ்வீடனில் இன்னொரு காட்சியையும் காணலாம். அணைகளுக்கு மேலே ஆறுகளில் சிக்கிக்கொண்ட வெள்ளி விலாங்குகளைப் பிடித்து, தண்ணீர்த் தொட்டி வைத்த லாரிகளில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோய், அங்கே கடலில் விடுகிறார்கள்.