லெ, லா இல்லாம என்னவே சொல் பட்டியல்?

மார்க் அள்ளலாம்னு ப்ளஸ் ஒன்ல பிள்ளைய பிரெஞ்சுல சேத்துவிடுதாவ. கையில குடுக்குற ஜெராக்ஸ் நோட்ஸைப் பாருங்க: ‘லீவ்ர் – புத்தகம்’. ஏவே, முன்னால இருக்க வேண்டிய லெ எங்க? ஆண்பால் சொல்லுக்கு முன்னால லெ, பெண்பாலுக்கு லா வரணும்லா. லெ லீவ்ர்னாதான் புத்தகம். லா லீவ்ர்னா பவுண்டு. பிரான்ஸ் சந்தையில அரைக் கிலோவுக்கும் அதான் பேரு. பாதிச் சொல்லைக் குடுத்துட்டு முழுசாப் பரீட்சையில கேட்டா பிள்ளை எங்க போவும்?

ஒரு சொல் ஏன் பெண்பால்னு காரணம் கேட்டா, ‘மென்மையான பொருள்லாம் பெண்பால்’னு ஒரு விளக்கம். சுத்தப் பொய்! பார்ப்னா தாடி, மூஸ்தாஷ்னா மீசை. ரெண்டும் பெண்பால். தமிழ்ல பால் ஆளைப் பாத்து வரும். பிரெஞ்சுல சொல்லோட ஒட்டிப் பிறக்கும். நம்ம ஆத்தையே எடுங்க. புன்னைக்காயல் பக்கம் கடல்ல விழுறதால தாமிரபரணி ஃப்ளவ், ஆண்பால். சீவலப்பேரியில அதுல கலக்குறதால சிற்றாறு ரிவியேர், பெண்பால். ரெண்டும் ஆறுதான். சொல் மாறுது, பாலும் மாறுது. இதை முதல் நாளே சொல்ல என்ன கேடு?

விதியாவது ஒழுங்காச் சொல்லுதாவளா? ‘ஸியோன்’ல முடிஞ்சா பெண்பால்னு அநேகமா நம்பலாம். ‘ஆஜ்’ல முடிஞ்சா ஆண்பால்னு எழுதிட்டு அதோட விட்டுருதாவ. ஃப்ரோமாஜ், விலாஜ், வுவாயாஜ் எல்லாம் சரி. அங்க ஆஜ் லத்தீன்ல இருந்து வந்த ஒட்டு. ஆனா ப்ளாஜ், இமாஜ், பாஜ், காஜ், ராஜ், நாஜ் ஆறும் பெண்பால். அதுல ஆஜ் சொல்லோடவே உள்ளது, ஒட்டே கிடையாது. பாடத்துல அடிக்கடி வர்றது இந்த ஆறுதான், ஒரு வரியில அடங்கும்!

இதைவிடக் கொடுமை உயிரெழுத்துல தொடங்குற சொல். லெ, லா ரெண்டுமே சுருங்கி ‘ல்’ ஆயிரும். லெகோல்னு எழுதிப் போட்டா பள்ளிக்கூடம் ஆணா பெண்ணா, எப்படித் தெரியும்? ‘என்னுடைய’ன்னு சொல்லப் பெண்பாலுக்கு மா வரணும். எகோல் பெண்பால்தான், ஆனா சொல் உயிர்ல தொடங்குனா ஆண்பாலுக்குரிய மோன் வந்து மோன் எகோல் ஆயிரும். அதைப் பாத்துப் பிள்ளை ஆண்பால்னே பதிச்சுக்கிடுது. பிறகு பெயரடை தப்பு, அவன், அவள்ங்கிற இல், எல் தப்பு, ஒரே வாக்கியத்துல மூணு இடத்துல சிவப்பு மை.

எய்யா, அடுத்த ஜெராக்ஸ் எடுக்குமுன்ன ஒவ்வொரு சொல்லுக்கு முன்னாலயும் ‘ஒரு’ன்னு அர்த்தம் வர்ற ஆன், யூன் எழுதுங்க; ஆண்பாலுக்கு ஆன், பெண்பாலுக்கு யூன். யூன் எகோல், ஆன் ஆர்ப்ர் (மரம்). கூடவே பச்சைன்னு ஒரு நிறமும் சேருங்க: யூன் எகோல் வேர்த், ஆன் ஆர்ப்ர் வேர். பெண்பால் வேர்த்ல கடைசி ‘த்’ காதுல விழணும். சத்தமாச் சொல்ல வைங்க.